பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட்டைப் பாருங்கள்

(சென்ற காலாண்டுக் கூட்டத்தின் முடிவில் நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியது. எழுதிக் கேட்டவர்களுக்காக.)

"சார், பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரயோஜனமாகப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் 2003 மாடல் மாருதி 800-ஐ இன்றும் ஓட்டுகிறவன். நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பத்து வயது தாண்டிய கார்கள் எத்தனை நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பணம் செலவழித்துத் தெரிந்துகொண்ட ஒரே விஷயம் பெல்ட். அதை மட்டும் சொல்கிறேன்.

2016-இல் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி, பின் சீட்டில் 81 வயது மாமியார். இரவு ஒன்பதரை மணி. மேல்மருவத்தூர் தாண்டியதும் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. "ஏங்க, சிவப்பா ஏதோ எரியுதே" என்றாள் மனைவி. "பேட்டரி போன மாசம்தானே மாத்தினேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன். மதுராந்தகம் வருவதற்குள் வெப்பமானி முள் சிவப்பில் ஏறி, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. சர்க்கரை நோயுள்ள பெரியவரை நெடுஞ்சாலை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, டோ வண்டி வரும்வரை ஒரு மணி வரை நின்றிருந்தோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்து, எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். அறுந்துபோன பெல்ட்டின் விலை 280 ரூபாய். இரண்டு மாதம் முன்பே என் மெக்கானிக், "பெல்ட்டில் வெடிப்பு இருக்கு சார்" என்று சொல்லியிருந்தார். அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று சொன்னவன் நான்தான்.

பேட்டரி விளக்குக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? மாருதி 800-இல் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். இதை ஃபேன் பெல்ட் என்கிறோம், ஆனால் அந்தக் காரில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. அம்பாஸடர் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், விளக்கு எரியும். அதே நொடியில் தண்ணீர் ஓட்டமும் நிற்கும். சார்ஜ் இல்லாமல் பேட்டரி கொஞ்ச தூரம் இழுக்கும், தண்ணீர் ஓடாத எஞ்சின் சில நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பல கார்களில் ஸ்டீயரிங்கும் திடீரென்று கல்லாகக் கனக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்ப்பது சுலபம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், கை ஜாக்கிரதை. டார்ச் அடித்துப் பெல்ட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவது, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஆயில் பட்டு ஊறியது, எதுவானாலும் மாற்றிவிட வேண்டும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம். சரியான அளவு உங்கள் கார் கையேட்டில் இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சிலர் அதன்மேல் பவுடரோ ஸ்ப்ரேயோ அடிக்கிறார்கள். சத்தம் போகும், கோளாறு போகாது. அதற்காக வீணைத் தந்தி மாதிரி இறுக்கவும் கூடாது, ஆல்டர்னேட்டர் பேரிங்கும் பம்ப் பேரிங்கும் போய்விடும். புதுப் பெல்ட் முதலில் சற்று நீளும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தானியங்கி டென்ஷனர் உள்ள கார்களுக்கு இந்த வேலை இல்லை. அவற்றில் வரும் பல வரிப் பெல்ட்டுகள் வெடிக்காமலே தேய்ந்துபோகும். ஆகவே வெடிப்பு இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இனி டைமிங் பெல்ட். இது வேறு ஜாதி. பல் வைத்த பெல்ட், மூடிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் சத்தமும் போடாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று என்ற கணக்கைக் காப்பது இதுதான். அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும். சில எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடித்து வளைத்துவிடும். அப்படி நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள்.

உங்கள் காரில் பெல்ட்டா செயினா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. பழைய 1061 சிசி வேகன்-ஆரில் பெல்ட், 2010-இல் வந்த 998 சிசி வேகன்-ஆரில் செயின். பழைய சான்ட்ரோவில் பெல்ட். பெல்ட் என்றால் கையேட்டில் கிலோமீட்டரும் வருடமும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கவனியுங்கள். "டைமிங் பெல்ட் மாத்தியாச்சு சார்" என்று விற்றவர் சொல்லியிருப்பார், பில் இருக்கிறதா? வவுச்சர் இல்லாத பட்டுவாடாவை நான் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"என் வண்டி வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது" என்று இங்கே பலர் சொல்வீர்கள். மகன் வெளிநாட்டில், கார் கவர் போட்டுக் கீழே நிற்கிறது. ரப்பருக்கு மீட்டர் தெரியாது, நின்றாலும் வயதாகும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதைப் பார்த்து நம்பிவிடுவதுதான் நம்மைப் போன்ற ரிட்டயர்டு ஆட்களுக்கு ஆபத்து. அதனால் என் பானெட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். எந்தப் பெல்ட், என்ன தேதி, மீட்டர் என்ன, அடுத்த கெடு எப்போது, அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டரை வரை டார்ச்சோடு என் காருக்குப் பக்கத்தில் இருப்பேன். பார்க்கத் தெரியாதவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் என்னைக் கூப்பிடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். முடிந்தால் கையேட்டை எடுத்து வாருங்கள்.