முதலில் மெழுகு, பிறகுதான் உலோகம்

(திமிரியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



தோல் பர்ஸ் ஆர்டர் எடுப்பது பற்றிப் போன மாதம் பேசினோம். "சாம்பிளுக்கு எதுக்கு இத்தனை நாள்? நேரா தோலை வெட்டித் தைச்சிடலாமே"ன்னு சிலர் கேட்டீங்க. அதற்காகத்தான் கும்பகோணம் பக்கத்தில் இருக்கிற சுவாமிமலை சிற்பிகளைப் பற்றிச் சொல்றேன். 2023-ல் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்த அரங்கத்தின் முன்னால் 27 அடி உயர நடராஜர் சிலையை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. சுமார் 18 டன் எடை. அதைச் செய்தது அந்த ஊர்க்காரர்கள்தான்.

உலோகத்தைத் தொடும் முன்பே அவர்கள் சிலையை மெழுகில் செய்து முடித்துவிடுகிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் மூன்றையும் உருக்கிச் சேர்த்து, கையாலேயே உருவம் பிடிக்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலைக் கீற்றை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். மூக்கு கோணலாக வந்தால் லேசாகச் சூடு காட்டித் திருத்திக்கலாம். அந்த உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, கம்பி கட்டி, சூடு பண்ணினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. மெழுகில் விட்ட தப்பு உலோகத்தில் அப்படியே நிற்கும்.

இன்னொன்றும் கவனிங்க. மெழுகு உருவத்தை எடை போட்டுத்தான் உலோகத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். மெழுகு ஒரு கிலோ என்றால் உலோகம் எட்டு கிலோவுக்கு மேல் தேவை. விலை பேசும் முன்னாலேயே சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. நாம் இதைச் செய்வதில்லை.

சாமி முகம் இத்தனை, கை இத்தனை என்று சிற்ப சாஸ்திரம் அளவு சொல்லிவிடுகிறது. இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனாலும் இரண்டு பேர் செய்த முகம் ஒன்றுபோல இருக்காது. வார்த்த பிறகு உளியால் கண்ணையும் விரலையும் செதுக்கும்போது அவரவர் கை தெரிந்துவிடும். (இந்த வேலை அங்கே பெரும்பாலும் ஆண்களிடம்தான் இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

ஷூ அப்பர் தைக்கிறப்போ பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். அதில் நம்ம கை யாருக்கும் தெரியாது. பர்ஸில் தையலும் மடிப்பும் நம்முடையது. அதனால் முதலில் அட்டையில் வெட்டுங்க, பழைய ரெக்சினில் தைத்துப் பாருங்க. எவ்வளவு தோல், எத்தனை ஜிப், எவ்வளவு நூல், எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வியாபாரியிடம் விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.