இறைச்சியும் இறையச்சமும்



அன்பார்ந்த நேயர்களே! கண்ணியமிக்க பெற்றோரே! எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

யாழ்ப்பாணத்து உடுவிலில் வசிக்கும் ஒரு தாய் எழுதிக் கேட்ட கேள்வியொன்றை இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்கின்றோம். அவரது குடும்பம் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருக்கின்றது. அடுத்த வளவில் வாழும் சைவ சமயத்து முதியவரே வீட்டின் உரிமையாளர். வீட்டைக் கொடுக்கும்போதே, இங்கே மச்சம் சமைக்கக் கூடாது என்று அவர் நிபந்தனை சொல்லியிருக்கின்றார். பெற்றோரும் சம்மதித்தே குடியேறியிருக்கின்றனர். இப்பொழுது 17 வயது மகன் அதனை ஏற்க மறுக்கின்றான். அல்லாஹ் ஹலாலாக்கியதை இன்னொருவருக்காக விடுவது ஈமானின் பலவீனம் என்று வாதிடுகின்றான். மகளோ, கைத்தொலைபேசியில் மாடறுக்கும் காட்சியொன்றைக் கண்ட நாள்முதல் இறைச்சியைத் தொடவே மாட்டேன் என்கின்றாள். பிள்ளைகள் இருவருக்கும் நான் என்ன சொல்வது என்பதே அத்தாயின் கேள்வி.

நேயர்களே! இதற்கு விடை காணுமுன் அயலவரின் உள்ளத்தைச் சற்று அறிந்துகொள்வோம். யாழ்ப்பாணத்தில் மரக்கறி உணவைச் ‘சைவம்’ என்றே சொல்கின்றார்கள். ஒரு சமயத்தின் பெயரே அங்கு ஓர் உணவின் பெயராகவும் விளங்குகின்றது. திருக்குறளின் 26ஆவது அதிகாரம் புலால் மறுத்தல். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) எழுதிய பாலபாட நூல்களில் கொலையும் புலாலுண்ணலும் பாவங்களாகவே கற்பிக்கப்பட்டன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாக் காலத்தில், மற்ற நாட்களில் மீனும் இறைச்சியும் உண்ணும் பல குடும்பங்களும் மச்சத்தை விலக்கிவிடுகின்றன. ஆகவே, அந்த முதியவரின் நிபந்தனை முஸ்லிம்களை இழிவுபடுத்துவதற்காகச் சொல்லப்பட்டது என்று எண்ணவேண்டியதில்லை. மச்சம் உண்ணும் சைவக் குடும்பம் ஒன்று வந்து வீடு கேட்டிருந்தாலும் அவர் அதையே சொல்லியிருக்கக்கூடும்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். கால்நடைகளின் இறைச்சி ஹலாலானது. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஹலால் என்பதும் கடமை என்பதும் ஒன்றல்ல. தொழுகை பர்ழு, அதை விட்டவன் குற்றவாளி. இறைச்சி உண்பது முபாஹ், அதாவது அனுமதிக்கப்பட்டது. உண்டவனுக்கு உண்டதனால் மட்டும் நன்மை எழுதப்படுவதில்லை. உண்ணாதவன் மீது குற்றமுமில்லை. நமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் உழ்ஹிய்யாக் கொடுப்பதே வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்தாகும். ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானியே பர்ழாகாதபோது, அன்றாடச் சோற்றுக்குக் கறியாக வரும் இறைச்சி எவ்வாறு ஈமானின் அளவுகோலாகும்?

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல், பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கொண்டே காலம் கழிந்ததை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் நபியவர்கள் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித்தேடி உண்டதைக் கண்ட அனஸ் (ரழி) அவர்கள், அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள். அந்தப் பாத்திரத்தில் உலர்ந்த இறைச்சியும் இருந்தது. இறைச்சியை நபியவர்கள் வெறுக்கவில்லை. கிடைத்தபோது மகிழ்ந்து உண்டார்கள். கிடைக்காத நாட்களில் அன்னாரின் ஈமான் குறைந்துவிடவுமில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. அன்னை மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் கேட்டார்கள். இல்லை, தமது சமூகத்தார் வாழ்ந்த பூமியில் இது இருக்கவில்லை, ஆகவே மனம் விரும்பவில்லை என்று விடை வந்தது. காலித் (ரழி) அவர்கள் நபியவர்களின் கண்முன்னேயே அதனை உண்டார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் உண்டார், ஒருவர் உண்ணவில்லை. உண்டவரை உண்ணாதவர் கடியவில்லை. உண்ணாதவரை உண்டவர் ஏளனம் செய்யவில்லை. வளர்ந்த ஊரின் பழக்கம் மனிதனின் நாவை உருவாக்குகின்றது என்பதை நபியவர்களே ஏற்றிருக்கும்போது, உடுவிலில் வளர்ந்த ஒரு முதியவருக்கு இறைச்சியின் வாடை ஒவ்வாதிருப்பது நமக்கு ஏன் விந்தையாகத் தோன்றவேண்டும்? பூண்டும் வெங்காயமும் ஹலாலானவைதான். எனினும் அவற்றைப் பச்சையாக உண்டு, அந்த வாடையோடு பள்ளிவாயலுக்கு வருவதை நபியவர்கள் தடுத்தார்கள். ஹலாலான உணவாயினும் அதன் வாடை அடுத்தவரை வருத்தலாகாது என்பது நமது மார்க்கத்தின் ஒழுக்கமே.

அன்புத் தம்பியே! இனி உனது வாதத்துக்கு வருகின்றேன். கால்நடைகள் ஆகுமாக்கப்பட்டதைச் சொல்லும் ஸூரத்துல் மாஇதாவின் முதலாவது வசனத்தைத் திறந்து பார். ஈமான் கொண்டோரை அழைத்து, உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு கட்டளையிட்ட பின்னரே அல்லாஹ் அங்கே கால்நடைகளை ஹலாலாக்குகின்றான். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. வசனத்தின் பிற்பகுதியைக் கையிற் பிடித்துக்கொண்டு முற்பகுதியை எவ்வாறு விட்டுவிடுவாய்? முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஹதீஸும் உண்டு. ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனையும் ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனையும் மாத்திரமே அதற்கு விலக்கு. இறைச்சி உண்பது பாவம் என்று நம்பும்படி அந்த முதியவர் கேட்கவில்லை. தமது வீட்டின் அடுப்பில் சமைக்கவேண்டாம் என்றே கேட்டார். வீடு அவருடையது, சம்மதம் உன் தந்தையுடையது. அவர் கோயிலுக்குச் சென்ற நேரம் பார்த்து யன்னல்களைச் சாத்திவிட்டு இறைச்சி சமைத்தால், அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

சமைக்கத்தானே கூடாது என்றார், கடையிலிருந்து பார்சலாக வாங்கி வந்து உண்ணலாமே என்று சிலர் சாதுரியமாகக் கேட்பர். நிபந்தனையின் பொருளை ஊர் வழக்கமே தீர்மானிக்கும். ஐயம் இருந்தால் உரிமையாளரிடமே நேரிற் கேளுங்கள். கேட்டதற்காகவே அவர் உங்களை மேலும் மதிப்பார். வெளியே ஹலால் கடையில் உண்பதற்கோ, உறவினர் வீட்டில் உண்பதற்கோ எவ்விதத் தடையுமில்லை. இந்த நிபந்தனை உண்மையிலேயே பாரமாக இருந்தால், உரிய காலத்தில் அறிவித்து வேறு வீடு பாருங்கள். அது வரையில் வாக்கு வாக்காகவே இருக்கட்டும்.

அன்பு மகளே! உனது மனவருத்தத்தை எவரும் எள்ளி நகையாடக் கூடாது. அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்குமாறும், கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டியவரைக் கண்டித்தார்கள். முகத்தில் சூடு போடப்பட்ட கழுதையைக் கண்டு, அதைச் செய்தவனைச் சபித்தார்கள். ஆகவே லொறியொன்றில் மாடுகளை நெருக்கி அடைத்து, தண்ணீரின்றிக் கொண்டுசெல்வதையும், மொட்டைக் கத்தியால் வதைப்பதையும் கண்டு உன் உள்ளம் துடித்தால், அத்துடிப்பை மார்க்கமே சரி காண்கின்றது. இறைச்சி உண்ணாதிருப்பது உனது விருப்பம். அதற்காக உன்னை வற்புறுத்துவதற்கு இடமில்லை. ஆனால் ஓர் எல்லை உண்டு. அல்லாஹ் ஆகுமாக்கியதைப் பாவம் என்று சொல்லிவிடாதே. உண்போரெல்லாம் இரக்கமற்றவர்கள் என்றும் எண்ணிவிடாதே. நல்லவற்றை நாமாக ஹராமாக்கிக்கொள்வதை ஸூரத்துல் மாஇதாவின் 87ஆவது வசனம் தடுக்கின்றது.

பெற்றோர்களே! இத்தகைய பிள்ளையிடம் வாதிடுவதை விட, அவளது தட்டைக் கவனியுங்கள். வளரும் பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. பருப்பு, பயறு, கௌபி, கீரை ஆகியவற்றோடு தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் அச்சத்தை உடல் நன்கு ஏற்கும். விற்றமின் பி12 தாவர உணவில் போதியளவு கிடையாது. பாலும் தயிரும் முட்டையும் அதனைத் தரும். முட்டையும் பாலும்கூட வேண்டாம் என்றால் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

மறுபுறம், நம்மவரின் விருந்துகளையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். இறைச்சி சுமந்து சென்ற ஜாபிர் (ரழி) அவர்களைக் கண்ட உமர் (ரழி) அவர்கள், அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் தமது வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள உங்களில் எவரும் விரும்புவதில்லையா என்ற கருத்தில் கேட்டதாக முவத்தா கிரந்தத்தில் வருகின்றது. வலீமா வீட்டுச் சஹனில் பாதி இறைச்சி மீந்து குப்பைக்குப் போவதை அவர்கள் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையிலும், மாடு, ஆடு போன்றவற்றின் சிவப்பு இறைச்சியை அதற்கு வாய்ப்புள்ளவற்றின் வரிசையிலும் சேர்த்தது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்துடைய இறைக்கட்டளை நம் உடல்நலத்துக்கும் காவலாகும்.

நேயர்களே! நமது நாட்டில் மாடறுப்பு என்பது சமையலறையோடு நிற்கும் விடயமல்ல. 2013 மே மாதத்தில் கண்டி தலதா மாளிகையின் முன்னால் ஒரு பௌத்த பிக்கு மாடறுப்பை எதிர்த்துத் தீக்குளித்து உயிர் நீத்தார். 2018 இல் சாவகச்சேரியில் சிவசேனை அமைப்பு அதே கோரிக்கையோடு போராட்டம் நடத்தியது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் வழங்கியது. உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்வதற்கும் அதே முடிவில் இடமிருந்தது. இரக்கத்தால் பேசுவோரும் உண்டு. இரக்கத்தின் பெயரால் ஒரு சமூகத்தைக் குறிவைப்போரும் உண்டு. இருவரையும் ஒன்றாக்கிப் பேசுவது நீதியன்று. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இந்துக் கோயில்களில் வேள்வி என்னும் மிருகபலிக்குத் தடைவிதித்துத் தீர்ப்பளித்தது. சைவ அமைப்பொன்றே அவ்வழக்கைத் தொடுத்திருந்தது. அவர்களுடைய இரக்கம் தம்மவரையும் தட்டிக் கேட்டிருக்கின்றது என்பதை நாம் மறக்கலாகாது. நமது உரிமை பறிக்கப்படும்போது சட்ட வழியில், கண்ணியமான மொழியில் பேசுவோம். அயலவரின் தெய்வங்களை ஏசுவதற்கோ, அவர்கள் போற்றும் பசுவைக் கேலிச் சித்திரமாக்கி முகநூலில் இடுவதற்கோ நமக்கு அனுமதியில்லை.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. மீள வந்து குடியேறுவோருக்குக் காணியும் வீடும் எவ்வளவு தேவையோ, அயலவரின் நம்பிக்கையும் அவ்வளவு தேவை. ஒரு முஸ்லிம் குடும்பம் வாக்கைக் காத்துவிட்டு வீட்டைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்து வரும் முஸ்லிம் குடும்பத்துக்கும் அக்கதவு திறக்கும். வாக்கை மீறினால், நாம் அறியாத பலருக்கு அது மூடப்படும்.

ஆகவே சில காரியங்களை இன்றே வழக்கமாக்குவோம். உழ்ஹிய்யாவை உரிய அனுமதியோடு, மறைவான இடத்தில், அனுபவமுள்ளவர் கையால் நிறைவேற்றுவோம். அதனைப் படமெடுத்துப் பரப்பாதிருப்போம். இரத்தத்தையும் எச்சங்களையும் கிணறுகளுக்குத் தொலைவாக, ஆழமாகப் புதைப்போம். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே விட்ட அழுக்கு கீழே நீரூற்றைச் சென்றடையும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து மக்கள் பட்ட துன்பம் உடுவிலுக்கு அயலில் நடந்ததல்லவா? திருமண விருந்துக்குச் சைவ அயலவரை அழைத்தால், தனிப் பாத்திரத்தில், தனி அகப்பையோடு மரக்கறி உணவு ஆயத்தம் செய்வோம். பெருநாளில் வட்டிலப்பம் அனுப்புவோர் நினைவிற் கொள்ளுங்கள்: அதில் முட்டை இருக்கின்றது. மரக்கறி மட்டும் உண்பவருக்குப் பேரீச்சம்பழமும் பழவகைகளும் அனுப்புங்கள். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்கள் தமது வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் கேட்டார்கள். இறைச்சி உண்ணாத அயலவருக்கும் அந்தப் பங்கு உண்டு. அவர் உண்ணக்கூடிய பண்டமாக அது போய்ச் சேரட்டும்.

குர்பானியின் மாமிசமோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாவே அவனை அடைகின்றது என்ற கருத்தை ஸூரத்துல் ஹஜ்ஜின் 37ஆவது வசனம் நமக்கு உணர்த்துகின்றது. உண்ணும்போதும் உண்ணாதிருக்கும்போதும் அந்தத் தக்வா நம்மோடு இருக்கட்டும். எமக்கும் எம் பிள்ளைகளுக்கும் ஹலாலான, தூய்மையான உணவையும், வாக்குத் தவறாத நாவையும், அயலவர் அஞ்சாத கைகளையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.