கப்பலேறியவர் பெயர் இருக்கிறது; ஊரில் இருந்தவர் பெயர் எங்கே?



நம் ஆரணிக் கோட்டையில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. கர்னல் ராபர்ட் கெல்லி என்ற கும்பினிப் படைத் தளபதிக்காக எழுப்பியது. திப்பு சுல்தானோடு மூன்றாம் மைசூர்ப் போர் மூண்ட 1790-ஆம் ஆண்டு இறந்தவர் அவர். அவர் காலத்து வெள்ளைக்காரர்களின் வம்சத்தார் இன்று முன்னோரைத் தேடினால், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போகிறார்கள். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் படியெடுத்து அனுப்பிய ஏடுகள் அங்கே இருக்கின்றன. ஆரணி ஜாகீர்தார் குடும்பத்துக்கும் எழுதி வைத்த வம்சாவளி உண்டு. படை நடத்தியவனுக்கும் பட்டம் ஆண்டவனுக்கும் ஏடு இருக்கிறது. நெய்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, ஐயா.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலே 342 பேர். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1866-ல் நின்றுபோன ஆளெடுப்பு 1874-ல் மறுபடி தொடங்கியது. தொடங்கிய இரண்டே ஆண்டில் இங்கே தாது வருஷப் பஞ்சம் வந்தது. வயிறு காய்ந்தவன் கப்பலேறாமல் என்ன செய்வான்? 1911-ல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை 1,52,184 பேர் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை ஆராய்ந்து சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் 1991-ல் ஒரு நூல் எழுதினார். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களில் முன்வரிசையில் நிற்கும் மாவட்டம் நம் வட ஆர்க்காடு.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். உயரம் எத்தனை, உடம்பில் எங்கே தழும்பு, எங்கே மச்சம். மாடு பிடிக்கிறவன் சுழி பார்ப்பதுபோலப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மரியாதைக்காக எழுதியதல்ல அது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. அதை நாம் மறக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கொடுமையான ஏட்டில்தான், தாய்மார்களே, பெண்ணுக்கும் அவள் பெயரில் ஓர் எண் இருக்கிறது, அவள் பிறந்த ஊர் இருக்கிறது. நம் வீட்டுக் கொடிவழியில் பாட்டிக்கு அந்த இடம் உண்டா? பாட்டன், முப்பாட்டன் என்று ஆண்களை அடுக்குகிறோம். பாட்டியின் தாய் எந்த ஊர்க்காரி என்று கேட்டால் வாய் திறக்க ஆள் இல்லை.

இன்று டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் இருக்கும் கொள்ளுப்பேரன்களும் பேத்திகளும் அந்த ஏட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஜில்லா என்ற இடத்தில் வட ஆர்க்காடு என்றிருக்கும். அவர்கள் வேலூரில் இறங்கி விசாரிப்பார்கள். 1989-ல் மாவட்டம் பிரிந்ததும், ஆரணியும் போளூரும் செய்யாறும் வந்தவாசியும் திருவண்ணாமலைப் பக்கம் வந்ததும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவழியாக ஊரைக் கண்டுபிடித்து வந்து, "முனுசாமி மகன் கோவிந்தசாமியின் பங்காளிகள் யார்?" என்று கேட்டால், நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். போனவரின் கணக்கு கடல் தாண்டிப் பத்திரமாக இருக்கிறது. இருந்தவர்களின் கணக்கு இங்கே இல்லை.

இல்லை என்று சொல்வதும் சரியில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்; "இன்னார் குமாரர் இன்னார்" என்று இரண்டு தலைமுறை அதில் நிற்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். பெண் மக்களை அதில் தேடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தான். பெண் வழியைத் தேட வேறொரு புத்தகம் இருக்கிறது. மொய் நோட்டு!

ஆம், மொய் நோட்டைத்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு யார் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், தாய்மாமன் என்ன செய்தார் என்று ஊரும் பெயருமாக எழுதிய புத்தகம் வேறெங்கே இருக்கிறது? அத்தை கட்டிக்கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், சம்பந்தி வீடு எல்லாம் அதில் வந்துவிடும். பணக் கணக்கு தீர்ந்ததென்று அதை எடைக்குப் போடுகிறோம். உறவுக் கணக்கு அதோடு போய்விடுகிறது. கோயில் திருவிழாவின் தலைக்கட்டு வரி நோட்டும் அப்படியே; எந்த ஆண்டில் எந்தத் தெருவில் எத்தனை குடும்பம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஏடுகளையும் கறையான் தின்ன விடாதீர்கள். அவை ஆரணித் தறிக்காரரின் பெயர்ப்பட்டியல்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய காகிதத்தைப் போகியில் போடாதீர்கள். வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால் அன்றைக்கே உட்கார வைத்து, அவர் தாய் பெயர், பாட்டி பெயர், பிறந்த ஊர், குலதெய்வம், கப்பலேறிப் போய்த் திரும்பாத யாரையாவது பற்றிக் கேட்ட கதை, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். பத்திரங்களையும் மொய் நோட்டுகளையும் கைபேசியில் படம் எடுத்து, ஒரு படி நம் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். பள்ளி ஆசிரியர்களே, அதைப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே தொடங்குங்கள்.