பிரஷர் மாத்திரையும் வயிற்று ஊதலும்



"மாத்திரை போட்டா வயிறு ஊதுதுங்க" என்று ஒரு அம்மா மாத்திரையைப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு மலைக்குப் போனார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய் கோணி விழுந்தார். வலது கை இன்னும் கொழுந்து எடுக்காது. நாம் முன்னமே விசாரித்திருக்க வேண்டும்.

அந்தப் பயம் வெறும் கட்டுக்கதை அல்ல. 1950களில் ஹெக்சாமெதோனியம் என்றொரு பிரஷர் மருந்து இருந்தது. இரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும் நரம்புகளை அது வழியிலேயே மறிக்கும், பிரஷர் இறங்கும். ஆனால் குடலை அசைக்கிற நரம்பையும் சேர்த்தே மறித்துவிடும். குடல் ஓடாமல் நின்று, காற்றும் மலமும் தேங்கி, வயிறு பானை மாதிரி உப்பும். சிலர் இறந்தும் போனார்கள். வேறு நல்ல மருந்துகள் வந்ததும் அது வழக்கொழிந்தது.

இன்று கிளினிக்கில் தரும் லொசார்டன், அம்லோடிபின் அந்த வகை அல்ல. வயிறு ஊதினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கிளினிக் கொப்பியோடு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் மாற்றித் தருவார்.

ஆனால் வயிறு இறுகி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம். ராத்திரியானாலும் எங்கள் கதவைத் தட்டுங்க. லொறி பிடித்தாவது ஆஸ்பத்திரிக்குப் போவோம்.