பிரசவ அறையில் ஒரு துணை

கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் தாயின் அருகிலிருந்து தைரியம் தரும் பயிற்சி பெற்ற துணைக்கு 'டூலா' என்று பெயர். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இது. தாய்க்கு உதவுபவர் என்ற பொருளில் 1973இல் இதை எடுத்தாண்டவர் அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல்.

டூலா மருத்துவரும் அல்ல, மருத்துவச்சியும் அல்ல. பரிசோதிப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. பிரசவத்துக்கு முன்பே தம்பதியின் பயத்தையும் சந்தேகத்தையும் கேட்டுத் தெளிவுபடுத்துகிறார். இடுப்புவலி எழும்போது உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்திப் பிடிக்கிறார். மூச்சை நிதானமாக விடச் சொல்லி, கூடவே தானும் விடுகிறார். நெற்றி வியர்வையைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கிறார். குழந்தை பிறந்த பின் தாய்ப்பால் புகட்டப் பழக்குகிறார். தாய் சற்றுக் கண்ணயரக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்.

15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் காக்ரேன் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. பிரசவ நேரம் முழுதும் துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவரைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. டூலா கிடைக்காத ஊரிலும் தாயோ, அக்காவோ, அத்தையோ அந்த இடத்தில் நிற்கலாம். கர்ப்பிணி உள்ள குடும்பங்கள், உடன் செல்பவர் யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது நல்லது.