வீட்டுத் தோட்டமும் நம் மண்ணின் செடிகளும்



கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஆயினும் தை, மாசி மாதங்களில் வெள்ளவத்தை முற்றங்கள் வறண்டு விடுகின்றன. அப்பொழுது குழாய்நீரை நம்பிய றோசா வாடும். முருங்கையோ தாக்குப்பிடித்து நிற்கும். தூதுவளைக்கு ஒரு வேலி போதும். கறிவேப்பிலை சாடியிலும் வளரும். வேரூன்றும்வரை நீரூற்றி, அடியிற் சருகு பரப்பினால், பின்னர் இவை அதிகம் கேளா.

2022ஆம் ஆண்டு உணவு நெருக்கடியின்போது, பயிரிடுவதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. விடுமுறை கிடைத்த அன்றே கீரையும் கிடைத்துவிடுமா? பஞ்சம் வருமுன் நட்ட மரமே பஞ்சத்திற் கைகொடுக்கும். ஆதலின், இளைஞர்களே, வரும் ஐப்பசி மழையோடு, நீர் தேங்காத மேட்டில் ஆளுக்கொரு முருங்கைத் தடி நடுவோமாக.