நாகை மக்களவைத் தொகுதியும் எம். செல்வராசுவும்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். செல்வராசு, நாகப்பட்டினம் தனித்தொகுதியிலிருந்து 1989, 1996, 1998, 2019 என நான்கு முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1957இல் பிறந்தார், ஊர் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் சித்தமல்லியை அடுத்த கப்பலுடையான். இளம் வயதிலேயே கட்சிக்கு வந்து விவசாயத் தொழிலாளர்களிடையே வேலை செய்தவர். மேடைப் பேச்சால் பெயர் பெற்றவர் அல்லர். அவருடைய அரசியல் நிலைப்பாடுகளில் பெரும்பகுதி அவர் பிறப்பதற்கு முன்பே கீழத்தஞ்சையில் உருவாகிவிட்டது. ஆகவே வேட்பாளரைப் பற்றிப் பேசத் தொகுதியிலிருந்து தொடங்குவதே முறை.

பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது; உழைப்பு பண்ணையாட்களிடமும் குத்தகைதாரர்களிடமும் இருந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) தண்டனையாக இருந்த காலம். 1943 வாக்கில் இங்கு வந்து விவசாயிகள் சங்கத்தை ஊர் ஊராகக் கட்டியவர் பி. சீனிவாசராவ். காவிரி கடைமடை உழவர்களின் தலைவராக நின்று, 1961இல் தஞ்சையிலேயே இறந்த இவரது தாய்மொழி கன்னடம் என்பதைக் காவிரிச் சண்டை மூளும் நாட்களில் யாரும் நினைவுகூர்வதில்லை. 1944இல் சங்கமும் மிராசுதார்களும் செய்துகொண்ட மன்னார்குடி ஒப்பந்தம் அந்தத் தண்டனைகளுக்கு முடிவுகட்ட வழிசெய்தது. 1952இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்தது. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபின் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும், நாகை, கீழ்வேளூர்ப் பக்கம் மார்க்சிஸ்ட் கட்சியும் வலுவாக வேரூன்றின. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது மார்க்சிஸ்ட் சங்கம் நடத்திய கூலிப் போராட்டத்தின்போது.

இந்தப் பின்னணியில்தான் நாகை மக்களவைத் தொகுதியில் 1971இல் எம். காத்தமுத்துவும், 1977இல் எஸ்.ஜி. முருகையனும் வென்றார்கள். கோட்டூர் வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த முருகையன் பதவியில் இருக்கும்போதே 1979 ஜனவரியில் படுகொலை செய்யப்பட்டார். அதையொட்டி நடந்த இடைத்தேர்தலிலும் தொகுதி கட்சியின் கையிலேயே இருந்தது. அடுத்த இரண்டு தேர்தல்களில் கை நழுவியது. 1989இல் அதை மீட்டவர் செல்வராசு.

அந்த 1989 வெற்றியைத் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். காங்கிரஸும் அ.தி.மு.க.வும் சேர்ந்து தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐ அள்ளிய தேர்தல் அது. தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. எதிரணிக்குக் கிடைத்த ஒற்றை இடம் நாகை. 1998இல் அ.தி.மு.க. அணி 30 இடங்களை வென்றபோதும் நாகை மாறவில்லை. தமிழ்நாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். கூட்டணி பலம்தான் கம்யூனிஸ்ட் வேட்பாளரைக் கரை சேர்க்கிறது என்ற பொதுப்பேச்சில் உண்மை பாதிதான்; மீதி கட்சியின் உள்ளூர் வேர். ஆனால் அந்தப் பாதி உண்மையையும் மறைப்பதற்கில்லை. 1991இல் அந்த வேர் காங்கிரஸ் அலையைத் தாங்கவில்லை. 2009இல் அ.தி.மு.க. அணியில் நின்ற செல்வராசு தி.மு.க.வின் ஏ.கே.எஸ். விஜயனிடம் தோற்றார். 2014இல் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தனித்து நின்றபோது அ.தி.மு.க.வின் கே. கோபால் எளிதாக வென்றார். வேர் தனியாக வெற்றி தராது. எதிர்க்காற்று வீசும் சில வேளைகளில் கூட்டணியையே காப்பாற்றிவிடும்.

நிலைப்பாடுகளில் முதலாவது நிலம். உச்சவரம்பை ஒழுங்காக அமல்படுத்துவது, உபரி நிலத்தைப் பங்கிடுவது, குடியிருக்கும் மனைக்குப் பட்டா, கோயில் மற்றும் மடத்து நிலக் குத்தகைதாரர்களைப் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்றாமை ஆகியவை கட்சி விடாமல் எழுப்பிவந்த கோரிக்கைகள். உச்சவரம்பு 1961 சட்டத்தில் 30 தர ஏக்கர். 1970இல் 15 ஆகக் குறைந்தது. பினாமிப் பெயர்களாலும் அறக்கட்டளை விலக்குகளாலும் சட்டம் எதிர்பார்த்த அளவு நிலம் உழைப்பவர் கைக்கு வரவில்லை.

இரண்டாவது நீர். செல்வராசு மக்களவைக்கு முதல்முறை போயிருந்தபோது, அவருடைய கட்சி வெளியிலிருந்து ஆதரித்த வி.பி. சிங் அரசு 1990 ஜூன் 2இல் காவிரி நடுவர் மன்றத்தை அமைத்தது. 1991இன் இடைக்காலத் தீர்ப்பு மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்றது, 2007இன் இறுதித் தீர்ப்பு கர்நாடகம் பிலிகுண்டுலுவில் விடவேண்டிய அளவை 192 ஆக்கியது, 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. தவறினால் சம்பா மட்டும். அதுவும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு எட்டாது.

நிலத்திலிருந்து நீருக்கு அழுத்தம் நகர்ந்ததுதான் இந்த அரசியலின் முக்கியமான மாற்றம். நிலக் கேள்வி கூலியாளையும் மிராசுதாரையும் எதிரெதிரே நிறுத்தியது. நீர்க் கேள்வி இருவரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தது. உழவர் என்ற பொதுப்பெயருக்குள் நிலமற்றவரின் கூலி, வேலைநாள், மனை ஆகியவை பின்வரிசைக்குப் போகும் ஆபத்தும் அதனோடு வந்தது. கட்சி விவசாயிகள் சங்கத்தையும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும் தனித்தனியே வைத்து இதைச் சமாளிக்கப் பார்த்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அறுவடை மழையில் நனையும் வருடங்களில் அதைத் தளர்த்த மத்திய அரசு ஒப்ப வேண்டும் என்பதால் இது நாடாளுமன்ற உறுப்பினரின் வேலையாகவும் ஆகிறது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களைக் கட்சி எதிர்த்தது. 2020 பிப்ரவரியில் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் மூன்று வேளாண் சட்டங்களையும், அதற்கு முன் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் கட்சி எதிர்த்தது. நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் உள்ள தொகுதியில் குடியுரிமைப் பிரச்சினை தொலைவான விஷயம் அல்ல. திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை, இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் மீனவர்கள், 2018 நவம்பர் 16இன் கஜா புயல் நிவாரணம் என்ற வரிசையும் உண்டு.

1996இல் கட்சி முதல்முறையாக மத்திய அமைச்சரவையில் சேர்ந்தது. உள்துறை இந்திரஜித் குப்தாவிடமும், வேளாண்மை சதுரானன் மிஸ்ராவிடமும் இருந்தன. நெல் விளையும் தொகுதியின் உறுப்பினருக்குத் தன் கட்சிக்காரரே வேளாண் அமைச்சராக இருந்தது அந்த ஒரு காலத்தில்தான். 2019இல் செல்வராசு அ.தி.மு.க.வின் தாழை ம. சரவணனை 2 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அந்த மக்களவையில் கட்சிக்கு நாடு முழுவதும் இருந்தவை இரண்டே இடங்கள்: நாகையும் திருப்பூரும். சட்டத்தை மாற்றும் எண்ணிக்கை அதில் இல்லை. கேள்வி நேரமும் மனுக்களுமே கருவி.

உடல்நலம் குன்றியிருந்ததால் 2024இல் அவர் போட்டியிடவில்லை, கட்சி வை. செல்வராஜை நிறுத்தியது. ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு நடந்தது. மே 13இல் செல்வராசு சென்னையில் காலமானார். ஜூன் 4இல் முடிவு வந்தபோது தொகுதி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிடமே இருந்தது.